வெள்ளை அறிக்கையும் வேலை தேடும் பிள்ளைகளும்: கஜானாவில் விழுந்த துண்டை யார் ஈடுகட்டுகிறார்கள்?

வடபழனி வாசகர் | 11 ஆகஸ்ட் 2021

நேற்று முன்தினம் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக அரசின் நிதிநிலை குறித்து வெளியிட்ட வெள்ளை அறிக்கையைப் பற்றித் தொலைக்காட்சிகளில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுற்றி வந்தன. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறதாம். ஏறத்தாழ 5.70 லட்சம் கோடி ரூபாயைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தத் தொகை வரும். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் அன்று மாலை, "சார், இதை எப்போ கட்டச் சொல்லுவாங்க?" என்று மெய்யான கவலையோடு கேட்டபோது, அந்த எண் மக்களுக்கு எதையும் விளங்கவைக்கவில்லை, பயமுறுத்தத்தான் செய்திருக்கிறது என்று புரிந்தது.

என் பார்வையில் வேறு இரண்டு எண்கள்தாம் முக்கியம். 2020-21ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அரசின் வருவாயைவிட அன்றாடச் செலவு கூடிப்போன தொகை, 61,320 கோடி ரூபாய். நிதிப் பற்றாக்குறை, அதாவது எல்லாச் செலவுக்குமாகக் கடன் வாங்கி நிரப்பிய தொகை, 92,305 கோடி ரூபாய். அதாவது அந்த ஆண்டு வாங்கிய கடனில் மூன்றில் இரண்டு பங்கு பாலத்துக்கோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ போகவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவிலேயே கரைந்துவிட்டது. மளிகைக் கடை பாக்கியை அடைக்கக் கைமாற்று வாங்கும் குடும்பத்தின் நிலைமை இது. 2012-13இல் வருவாய்க் கணக்கில் உபரி காட்டிய மாநிலம், 2013-14 முதல் தொடர்ந்து பற்றாக்குறையில் இருப்பதால், பழி முழுவதையும் பெருந்தொற்றின் தலையில் கட்டிவிடவும் முடியாது.

ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநில அரசு தன் விருப்பப்படி விகிதத்தை மாற்றக்கூடிய பெரிய வரிகள் பெட்ரோல் டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. 2020 மார்ச் ஊரடங்கு இந்த நான்கு குழாய்களையும் ஒரே வீச்சில் அடைத்தது. அதன் பிறகு அரசு என்ன செய்தது என்பதைத் தேதிவாரியாக நினைவுபடுத்திப் பாருங்கள். ஏப்ரல் இறுதியில் அகவிலைப்படி உயர்வும் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறும் சரண்டரும் நிறுத்தப்பட்டன. மே 3 அன்று வரி கூட்டப்பட்டு, பெட்ரோல் லிட்டருக்கு 3.25 ரூபாயும் டீசல் 2.50 ரூபாயும் ஏறின. மே 7 அன்று சென்னை நீங்கலாகப் பிற இடங்களில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. எல்லாக் கேமராக்களும் கடை வாசல் வரிசைகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த அதே மே 7 அன்றுதான் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58இலிருந்து 59ஆக உயர்த்தப்பட்டது. இந்த ஆண்டு பிப்ரவரியில் அது 60 ஆயிற்று. புதிய பணியிடங்களை உருவாக்குவதற்கும் 2020 மே மாதத்திலேயே தடை வந்துவிட்டது.

இவற்றுள் ஓய்வு வயது உயர்வைத்தான் நான் விவாதத்துக்கு வைக்க விரும்புகிறேன். வரியைக் கூட்டினால் பங்க்கில் தெரியும். அகவிலைப்படியை நிறுத்தினால் சம்பளச் சீட்டில் தெரியும். ஓய்வு வயதைத் தள்ளிவைத்தால் எந்தச் சீட்டிலும் தெரியாது, ஏனென்றால் அதனால் இழப்பவருக்கு இன்னும் சம்பளச் சீட்டே கிடையாது. கஜானாவில் விழுந்த துண்டை, வேலைக்குக் காத்திருப்பவர்களின் வயதைக் கொண்டு ஈடுகட்டியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.


கோப்பு 86 | 11 ஆகஸ்ட் 2021

ஓய்வு வயதை உயர்த்திய அந்த உத்தரவால் பலன் பெற்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். 2020 மே 31 அன்று ஓய்வு பெற்றிருக்க வேண்டியவன். சால்வையும் மாலையும் இல்லாவிட்டாலும் டீயாவது வாங்கித் தருகிறோம் என்று பிரிவில் பேசிவைத்திருந்த நிலையில் உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வருவதற்குள் இன்னோர் உத்தரவும் வந்தது. இப்போது 2022 மே 31 என்கிறார்கள்.

வாசகர் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி கருவூலக் கணக்கு. ஒருவர் ஓய்வு பெறும் மாதத்தில் பணிக்கொடை, ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக முன்கூட்டியே தரும் தொகுப்புத் தொகை, விடுப்புக்கான பணம் ஆகியவற்றை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். என் நிலையில் உள்ளவருக்கே அது 20 லட்சத்தைத் தாண்டும். வரி வரவு நின்றுபோன மாதத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அதை எங்கிருந்து கொடுப்பது? அந்தச் செலவு ரத்தாகவில்லை, இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். தள்ளிப்போன காலத்துக்கு எங்கள் சம்பளத்தை அரசு கொடுக்கிறது என்பதையும், புதிதாக வரும் இளநிலை உதவியாளரின் சம்பளத்தைப் போல் அது பல மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கே நா எழவில்லை.

இன்னொன்று. எங்கள் தலைமுறைக்கு வெள்ளை அறிக்கை புதிதல்ல. 2001இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையன் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்து, 2006 வரை நீடித்தது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது. அந்த ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். நியமனத் தடைக் காலம் அலுவலகத்தில் எப்படித் தெரியும் என்றால், பணிமூப்புப் பட்டியலைக் கையில் எடுத்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். எங்கள் பட்டியலில் 40களில் இருக்க வேண்டியவர்கள் மிகக் குறைவு. 55ஐத் தாண்டியவர்களும் 30களில் இருப்பவர்களும்தான் கோப்பு பார்க்கிறோம். இடையில் வேலையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.


அம்பத்தூர் லேத் பட்டறை | 12 ஆகஸ்ட் 2021

அரசு ஊழியர், அரசுத் தேர்வு என்று பேச்சு ஒரே பக்கமாகப் போகிறது. வேலை போனவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற இடங்களில் இருந்தவர்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

என்னிடம் நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், 11 ஆட்கள் இருந்தார்கள். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்கிறவரிடம் ஜாப் ஒர்க் எடுக்கிறவன் நான்; மேலே ஒருவர் தும்மினால் நான்காவது படியில் இருக்கும் எனக்கு ஜுரம் வரும். 2019 நடுப்பகுதியிலேயே வாகன விற்பனை சரிந்து வாரத்தில் நான்கு நாள்தான் வேலை இருந்தது. ஊரடங்கு வந்ததும் அதுவும் போயிற்று. ஒடிசாக்காரர்கள் மூவர் ரயிலில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. உள்ளூர்ப் பையன்கள் இருவர் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். அவர்களுள் ஒருவன் மைக்ரோமீட்டரைத் தொடாமலே, விரலால் தடவிப் பார்த்து, புஷ் எத்தனை பாயிண்ட் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லுவான். அந்தக் கை இப்போது பிரியாணிப் பொட்டலம் தூக்குகிறது. அவனை வேலையற்றவன் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

மத்திய அரசு சிறு தொழில்களுக்கென 3 லட்சம் கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதம் அறிவித்தபோது வங்கிக்குப் போனேன். ஏற்கெனவே வங்கியில் கடன் பாக்கி வைத்திருப்பவருக்கு அந்தப் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவதுதான் திட்டம் என்றார்கள். பத்து ஆண்டுகளாகக் கடனே வாங்காமல் தொழில் செய்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

மாநிலத்தின் பணமுடை எங்கள் வாசலுக்கு வந்த விதத்தையும் சொல்கிறேன். ஓர் அரசு சார்ந்த நிறுவனத்துக்கு 2020 பிப்ரவரியில் வேலை முடித்துக் கொடுத்தேன். பில் 3,40,000 ரூபாய். கைக்கு வந்தது இந்த ஆண்டு ஏப்ரலில். கேட்கப் போகும்போதெல்லாம் "ஃபண்ட் ரிலீஸ் ஆகலை" என்று ஒரே பதில்தான். 14 மாதம் அரசுக்கு நான் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறேன். அந்த வெள்ளை அறிக்கையில் என் பெயரையும் கடன் கொடுத்தோர் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.


கோட்டூர்புரம் தேர்வர் | 12 ஆகஸ்ட் 2021

இங்கே பேசப்படும் "வேலைக்குக் காத்திருப்பவர்" நான்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்து, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பதிவு வேலை பார்த்தேன். 2020 ஜூனில், மூன்று மாதச் சம்பளத்தைப் பாதியாகக் கொடுத்துவிட்டு, "நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்" என்றார்கள். குரூப் 4 தேர்வு கடைசியாக 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அதன் பிறகு இன்றுவரை அறிவிக்கை இல்லை. 2020 ஏப்ரல் 5 அன்று நடக்க வேண்டிய குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2021 ஜனவரி 3 அன்றுதான் நடந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆனால் மாநில அரசின் உதவித்தொகை கிடைக்கும் என்று அம்மா சொன்னதால் விசாரித்தேன். பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 6,000 ரூபாயில் சென்னையில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று தெரியவில்லை; அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், எங்கள் வீட்டு வாடகையே 7,500.

பட்டறை ஐயா சொன்ன கணக்கைப் பற்றி ஒரு விளக்கம். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை 49.8 சதவீதம் என்று சிஎம்ஐஇ என்ற தனியார் பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது; அகில இந்திய அளவு 23.5 சதவீதம். நம் மாநிலத்தில் மாதச் சம்பளமோ தினக்கூலியோ வாங்கிப் பிழைப்பவர்கள் அதிகம் என்பதால், ஷட்டரை இறக்கிய அன்றே வேலை போயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வார அளவுகோலின்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். ஆகவே அந்த அளவுகோலின்படி நான் வேலையற்றவள் இல்லை.


திருவான்மியூர் திரும்பியவர் | 13 ஆகஸ்ட் 2021

மேலே தங்கை எழுதிய 600 ரூபாயைப் படித்ததும் கை நின்றுவிட்டது. நான் 2007 முதல் 2020 இறுதி வரை கலிபோர்னியாவில் இருந்தேன். கடந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை, வேலை இழந்தவர்களுக்கு அந்த மாநிலம் கொடுக்கும் உதவித்தொகையோடு, அமெரிக்க மத்திய அரசு வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. அங்கே வாரத்துக்கு, இங்கே மாதத்துக்கு.

அதனால் அந்த ஊர் மாநிலங்கள் பணக்கார மாநிலங்கள் என்று நினைக்க வேண்டாம். 2009இல் அதே கலிபோர்னியாவின் கஜானா காலியாகி, ஜூலை 2 முதல் பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வரியில் திரும்பி வர வேண்டிய பணத்துக்கு என் நண்பருக்கு அப்படி ஒரு சீட்டு வந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். காசோலையைப் போலவே இருந்தது, ஆனால் அக்டோபரில்தான் பணமாகும் என்று போட்டிருந்தது. அரசு ஊழியர்களுக்கு மாதம் மூன்று வெள்ளிக்கிழமை சம்பளமில்லா விடுப்பு. அடுத்த ஆண்டு வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியது. அந்நாட்டு மாநிலங்கள் அன்றாடச் செலவுக்குத் துண்டு விழும் பட்ஜெட் போட அவற்றின் சட்டங்கள் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே வரவு குறைந்த அன்றே வெட்டத் தொடங்க வேண்டும். 2020இல் நிலைமை வேறாக இருந்ததற்குக் காரணம், நோட்டு அடிக்கும் உரிமை உள்ள மத்திய அரசு முதலிலேயே இறங்கி வந்து கொடுத்ததுதான்.


வடபழனி வாசகர் | 14 ஆகஸ்ட் 2021

திரும்பியவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். நம் நாட்டில் மத்திய அரசின் பங்கு என்ன என்று பார்க்கலாம்.

அரசியல் சாசனத்தின் 293(3) பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும் மாநிலம் அதன் ஒப்புதல் இல்லாமல் புதிதாகக் கடன் வாங்க முடியாது. 2020 மே மாதம் கடன் வரம்பை மாநில உற்பத்தியின் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. கூடுதலான அந்த 2 சதவீதத்தில் அரை சதவீதம்தான் நிபந்தனையற்றது. மீதியை வாங்க ரேஷன் அட்டை, தொழில் உரிமங்கள், உள்ளாட்சி வருவாய், மின்விநியோகம் ஆகியவற்றில் அவர்கள் சொன்ன சீர்திருத்தங்களைச் செய்துகாட்ட வேண்டும். அதுவும் கடன்தான், மானியம் இல்லை. ஜிஎஸ்டி இழப்பீடு ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியைக் கணக்கிட்டுத் தரப்படும் என்று சட்டத்தில் எழுதிக்கொடுத்தவர்கள், வசூல் குறைந்ததும் "கடவுளின் செயல்" என்றார்கள். பிறகு தாங்களே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கடனாகவே கைமாற்றினார்கள். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையில் நம் பங்கு 13ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 15ஆவதில் 4.079. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் கூடுதல் வரியாக வசூலாவது பங்கீட்டுக்கே வருவதில்லை.

இத்தனையும் உண்மைதான். ஆனாலும் கையில் இருந்த பணத்தை எங்கே குறைப்பது என்று தீர்மானித்தது கோட்டைதான். நேற்றைய திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பை ஏற்றிருக்கிறார்கள். ஒன்றை விட்டுக்கொடுக்க முடிகிறது என்றால், இன்னொன்றையும் முடியும் என்றுதானே பொருள்?


கிண்டி பொருளியல் | 15 ஆகஸ்ட் 2021

மன்னிக்கவும், இந்த இழையின் அடிப்படை வாதமே எனக்கு உடன்பாடில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்திருப்பவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். ஓய்வு வயதை 58லேயே வைத்திருந்தாலும் அவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்திருக்கும்? ஒரு சதவீதம்கூடத் தேறாது. மந்தக் காலத்தில் மாநிலம் காப்பாற்ற வேண்டியது மூலதனச் செலவை. ஒரு சாலை ஒப்பந்தம் ஜல்லிக்காரர், லாரிக்காரர், கம்பி கட்டுபவர், பட்டறைக்காரர் என்று பலருக்கும் சோறு போடும். கடந்த ஆண்டு ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி.ரங்கராஜன் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, நூறு நாள் வேலையைப் போல நகரங்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று சொன்னது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மே, ஜூன் மாதங்களில் அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள், 2.07 கோடி அட்டைகளுக்கு 8,000 கோடிக்கு மேல் ஆகியிருக்கும். கணினியில் அரசாணை தட்டுபவர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்ப்பதைவிட அந்தப் பணம் கடைத்தெருவை வேகமாக எழுப்பியது.


கோட்டூர்புரம் தேர்வர் | 15 ஆகஸ்ட் 2021

ஒரு சதவீதம் தேறாது என்பது எனக்கும் தெரியும் அண்ணா. ஆனால் குரூப் 4 தேர்வு நடக்காத ஒவ்வோர் ஆண்டும், எழுதித் தோற்று "இது நமக்கு வராது" என்று முடிவெடுத்து வேறு வேலைக்குப் போகும் வாய்ப்பும் சேர்ந்தே போகிறது. தேர்வே இல்லாதபோது எதை வைத்து நிறுத்திக்கொள்வது? என்னோடு படிப்பவர்களில் மூன்று பேர் 2019இல் நூலிழையில் தவறவிட்டவர்கள். அடுத்த அறிவிக்கை அடுத்த மாதம் வந்துவிடும் என்று 23 மாதங்களாக இருக்கிறார்கள்.

4,000 ரூபாயை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் முதல் 2,000 கேஸுக்கும் அப்பாவின் மாத்திரைக்கும் ஆயிற்று.


கோப்பு 86 | 26 ஜூலை 2022

ஓராண்டாக உறங்கிய இழையை எழுப்புவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மே 31 அன்று ஓய்வு பெற்றேன். நிறுத்திவைத்த அகவிலைப்படி ஜனவரி முதல் வந்துவிட்டது, பணிக்கொடையும் வந்துவிட்டது. நேரடி நியமனத்துக்கான வயது வரம்பையும் கடந்த செப்டம்பரில் இரண்டு ஆண்டுகள் உயர்த்தியிருக்கிறார்கள் என்பதால், போன வயதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுப் பெண்ணைக் குரூப் 4 தேர்வுக்கு என் வண்டியில் அழைத்துப் போனேன். 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று நாளிதழில் படித்திருந்தாலும், 300 பேருக்கு ஓர் இடம் என்பது பள்ளியின் வாசலில் நின்றால்தான் உறைக்கிறது. கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன பெண்களை எண்ணத் தொடங்கி, பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். தேர்வர் தங்கை எந்த மையத்தில் எழுதினாரோ, எழுதியிருந்தால் இங்கே ஒரு வரி சொல்லட்டும்.

பென்ஷன் தாள்களில் கையெழுத்துப் போட நேற்று என் பழைய பிரிவுக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் யாரும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே என் வேலையையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். என் மேஜையின் மேல் அவருடைய கோப்புகள் அடுக்கியிருந்தன.


கோட்டூர்புரம் தேர்வர் | 27 ஜூலை 2022

எழுதினேன் ஐயா, வில்லிவாக்கத்தில். தமிழ்ப் பகுதி எளிது. கணக்கில் இரண்டு கேள்விகளில் நேரம் போய்விட்டது. டியூஷன் பிள்ளைகள் இப்போது ஒன்பது பேர்.